தெத்து யாருடையது?

காப்பீட்டுக் கம்பெனியின் கடிதம் ஆங்கிலத்தில் ஒன்பதே வரி. ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் அதை மடித்து வைத்திருந்தார் அந்த அம்மா. குலசேகரம் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, தம்பியையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் வந்திருந்தார். குமாஸ்தா வந்து அலுவலகத்தைத் திறப்பதற்கு முன்பே இருவரும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். 2003-ஆம் வருஷம், இடவப்பாதி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நேரம்.

கடிதத்தை வாசித்துத் தமிழில் சொன்னேன். “விமானத்தை ஓட்டுகிறவருக்கு இந்தப் பாலிசி பொருந்தாது. மேலும், விபத்து அவருடைய தவறால்தான் நடந்தது என்று அரசு விசாரணை அறிக்கையே சொல்கிறது. ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.”

முதல் வாக்கியத்துக்கு அந்த அம்மா அசையவில்லை. இரண்டாவது வாக்கியம் முடிந்ததும் தலையை நிமிர்த்தினார்.

“எம்பிள்ள தெத்து ஒண்ணும் செய்யல்ல, சாரே.”

நான் அகஸ்தீஸ்வரம் தாலுகாக்காரன். எங்கள் வீட்டில் தப்பு என்போம். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் அதுவே தெத்து. சொல் வேறானாலும் பாரம் ஒன்றுதான். அன்றைக்கு அந்த அம்மா சொன்ன விதத்தில் அது எனக்கு முன்னெப்போதையும்விடக் கனமாகக் கேட்டது.

பையன் ஒரே பிள்ளை. தகப்பனார் சிறு வயதிலேயே இறந்துவிட்டார். ரப்பர் விளையில் பாதியை விற்று, வெளிமாநிலத்தில் ஒரு விமானப் பயிற்சிக் கழகத்தில் சேர்த்திருக்கிறார்கள். போகும் முன் தாய்மாமன் வற்புறுத்தி ஒரு தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறார். பயிற்சியில் பாதிக்கு மேல் முடிந்த நிலையில், ஒருநாள் காலை தனியாக ஏறிப் பறந்திருக்கிறான். ஓடுபாதையை விட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் விமானம் விழுந்துவிட்டது. இரண்டு ஆட்கள் மட்டுமே உட்காரும் செஸ்னா 152.

நான் அதுவரை செய்தது நிலத்தகராறு, கடன் வழக்கு, சாலை விபத்து நஷ்டஈடு. சாலை விபத்தில் எனக்கு வழி தெரியும். மகஜர் இருக்கும், மாதிரி வரைபடம் இருக்கும், தார்ரோட்டில் டயர் தேய்த்த தடம் இருக்கும். வானத்தில் தடம் கிடையாது. காகிதக் கட்டை வாங்கி வைத்துக்கொண்டு, “அம்மா, எனக்கு ஒரு மாசம் தாருங்கள். நான் முதலில் படிக்க வேண்டும்” என்றேன்.

திருவனந்தபுரத்தில் ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவரைத் தெரிந்தவர் மூலம் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போவேன். அவர் தரையில் காகிதத்தை விரித்துப் படம் போட்டுச் சொல்லித்தருவார்.

அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலம் விசிட்டா ஊரில் செஸ்னா கம்பெனி 1977 முதல் 1985 வரை இந்த 152 ரகத்தைச் செய்தது. ஏறக்குறைய 7,500 விமானங்கள். அதற்கு முன்னோடியான 150 ரகம் 1958 முதல் 1977 வரை இருபதாயிரத்துக்கும் மேல் வெளிவந்தது. உலகத்தில் எங்கெங்கோ விமானம் ஓட்டப் படித்தவர்களில் பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்றில்தான் கைபழகியிருப்பார்கள். எஞ்சின் 110 குதிரைசக்தி. எரிபொருளோடும் ஆளோடும் சேர்த்து 757 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. கெட்ட விமானம் அல்ல, மன்னிக்கிற குணமுள்ளது என்றே பழைய ஆட்கள் சொல்வார்கள். ஆனால் அது மன்னிக்காத இடங்களும் சில உண்டு. அதே இடங்களில்தான் திரும்பத் திரும்ப விழுந்திருக்கிறது.

ஒன்று எரிபொருள். தீர்ந்துபோவது ஒரு வகை. அளவுகாட்டி முள்ளை நம்பாமல் தொட்டிக்குள் அளவுகோல் விட்டுப் பார் என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதற்காகத்தான். தண்ணீர் கலந்துபோவது இன்னொரு வகை. இரவு முழுக்க மழையில் வெளியே நிற்கிற விமானத்தின் மூடி ரப்பர் தேய்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். பாதி நிரம்பிய தொட்டியின் உட்சுவரில் ஈரம் வேர்த்தும் சேரும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் போய் நிற்கும். பறக்கும் முன் தொட்டியின் அடியிலிருந்து ஒரு சின்னக் குப்பியில் பிடித்துப் பார்க்க வேண்டும். விமான பெட்ரோலுக்கு நீல நிறம். அடியில் நிறமில்லாத குமிழ் தெரிந்தால் தண்ணீர்.

இரண்டாவது எனக்கு நம்பவே முடியாததாக இருந்தது. கார்புரேட்டரில் பனி. நம் ஊர் வெயிலில் பனியா என்று கேட்டேன். பெட்ரோல் ஆவியாகும்போது அந்தக் குழாய்க்குள் வெப்பம் 20, 30 டிகிரி கூடச் சட்டென்று இறங்கும் என்றார் அவர். வெளியே வெப்பம் 25 டிகிரி, காற்றில் மழை ஈரம் என்றால் உள்ளே பனி படியப் போதும். காற்றுப் பாதை அடைபடும், எஞ்சின் இருமும், சக்தி இறங்கும். சூடான காற்றை உள்ளே விட ஒரு குமிழ் இருக்கிறது. அதை நேரத்துக்கு இழுக்க வேண்டும். விழுந்தபிறகு ஆய்வாளர் வந்து பார்க்கும்போது பனி உருகிப் போயிருக்கும். கொலை செய்துவிட்டு ஆயுதத்தையும் கூடவே கரைத்துவிடுகிற எதிரி அது.

மூன்றாவது, ஸ்டால்.

கார் ஸ்டால் ஆகிவிட்டது என்கிறோமே, அதுபோல எஞ்சின் நிற்பதுதான் என்று நினைத்திருந்தேன். பொறியாளர் எத்தனை படம் போட்டும் ஏறவில்லை. கடைசியில் அது விளங்கியது முப்பந்தலில். என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் அங்கே காற்றாலைப் பராமரிப்பில் இருந்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று சட்டையைப் பிய்த்துக்கொண்டு போகிற ஆனி மாதம். ஒரு பழைய காற்றாலையின் அடியில் நிறுத்தி மேலே காட்டினான்.

“இந்த ரகத்துல இதழ் கோணம் மாறாது. காத்து அளவு மீறினா, இதழ்ல காத்து வந்து படுற கோணம் கூடிட்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல, இதழோட முதுகை ஒட்டி ஓடுன காத்து பிய்ஞ்சு போயிரும். உடனே இழுவை விட்டுப்போகும். சுழல் வேகம் கட்டுக்கு மீறாது, மெஷின் தப்பிக்கும். இதுக்குப் பேர்தான் ஸ்டால். வேணும்னே அப்படிச் செஞ்சு வச்சிருக்கு. எங்களுக்கு அது காவல்காரன். விமானத்துக்கு அப்படி இல்லல்லா.”

விமான இறக்கையும் அதே இதழ்தான். வேகம் குறைய, மூக்கை உயர்த்திப் பிடிக்க, கோணம் கூடும். காற்று முதுகை விட்டுப் பிய்ந்ததும் தூக்கும் விசை போய்விடும். எஞ்சின் முழுச் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தாலும் இறக்கை செத்துவிடும். ஒரு பக்க இறக்கை முதலில் செத்தால் விமானம் பம்பரமாகச் சுழன்று இறங்கும். உயரம் இருந்தால் மீட்கலாம். முந்நூறு அடியில் மீட்க இடமில்லை.

இதையெல்லாம் கற்றுக்கொண்டு திரும்பவும் விசாரணை அறிக்கையை எடுத்தேன். காப்பீட்டுக் கம்பெனி காட்டியது அதன் கடைசி வரியை. குறைந்த உயரத்தில் திரும்ப முயன்றபோது தேவையான வேகத்தை விமானி காக்கத் தவறினார் என்பது அந்த வரி. அதற்கு முந்தைய பக்கங்களை யாரும் எடுத்துக்காட்டவில்லை. கிளம்பிய சிறிது நேரத்தில் எஞ்சின் சக்தி இழந்தது. தரையில் நின்றவர்கள் எஞ்சின் விட்டுவிட்டு இருமியதைக் கேட்டிருக்கிறார்கள். முந்தின இரவு மழை. விமானம் கொட்டகைக்கு வெளியே நின்றிருக்கிறது. சக்தி இழந்த காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை, கார்புரேட்டர் பனியாக இருக்கலாம் என்று அறிக்கையே எழுதியிருந்தது.

ஆக, முதலில் கைவிட்டது எஞ்சின். பையன் செய்தது அதற்கு அடுத்தது.

கிளம்பும்போது எஞ்சின் போனால் நேர் எதிரே கிடைக்கிற வயலிலோ பொட்டலிலோ இறங்கு, திரும்பாதே என்பது எல்லாப் பயிற்சி நிலையங்களிலும் சொல்லிக்கொடுக்கிற பாடம். ஆனால் பின்னால் ஓடுபாதை கிடக்கிறது, அது வீடு மாதிரி. எத்தனையோ அனுபவசாலிகளின் கையையும் அந்த எண்ணம் திருப்பியிருக்கிறது. கணக்கு போட்டுப் பார்த்தேன். எஞ்சின் இல்லாமல் மிதந்து இறங்க 152-க்குச் சொல்லப்பட்ட வேகம் 60 நாட், மணிக்கு 111 கிலோமீட்டர். நேராகப் பறந்தால் இறக்கை சாகும் வேகம் சுமார் 48 நாட். இடையில் 12 நாட் இருக்கிறது. 45 டிகிரி சாய்த்துத் திருப்பினால் அந்த எல்லை 19 சதவீதம் கூடி 57 நாட் ஆகிவிடும். மிச்சம் 3 நாட். மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர். நாம் கடைத்தெருவுக்கு நடந்துபோகிற வேகம். அவ்வளவுதான் அந்தப் பிள்ளைக்கும் மண்ணுக்கும் நடுவில் இருந்தது.

இதைத் தெத்து என்று சொல்லிவிட்டுப் போவதற்கு எனக்கு மனம் வரவில்லை. இருபத்தியோரு வயது, தனியாள், யோசிக்கச் சில விநாடிகள்.

சின்ன விமானங்களின் வழக்கு வரலாறும் எனக்குத் துணை நின்றது. செஸ்னாவின் பல ரகங்களில் விமானி உட்காரும் இருக்கை தண்டவாளம்போன்ற இரட்டைக் கம்பியில் முன்னும் பின்னும் நகரும். அதன் முள் தேய்ந்திருந்தால், கிளம்பும் வேகத்தில் இருக்கை பின்னால் வழுக்கிவிடும். கையில் பிடித்த கட்டுப்பாட்டையும் இழுத்துக்கொண்டுதான் ஆள் பின்னால் போவான், மூக்கு உயரும், ஸ்டால். கடைசி நொடியை மட்டும் பார்க்கிறவருக்கு அதுவும் விமானியின் தவறாகவே தெரியும். 1987-இல் அந்தக் கம்பிகளையும் முட்களையும் குறித்த காலத்தில் பரிசோதிக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு உத்தரவு போட்டது. 1989-இல் விழுந்த ஒரு செஸ்னா 185 வழக்கில், புளோரிடாவில் ஜூரி 2001-இல் 48 கோடி டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. இப்படிப்பட்ட வழக்குகளின் பாரத்தால் செஸ்னா 1986-இல் ஒற்றை எஞ்சின் சிறு விமானங்கள் செய்வதையே நிறுத்தியிருந்தது. 18 வருஷத்துக்கு மேல் பழைய விமானத்துக்காகத் தயாரிப்பாளர்மேல் வழக்கு போட முடியாது என்று 1994-இல் அங்கே சட்டம் வந்த பிறகுதான் மறுபடி தொடங்கினார்கள். 152 மட்டும் திரும்ப வரவேயில்லை. அதனால் இன்றைக்குப் பயிற்சிக் கழகங்களில் நிற்கிற ஒவ்வொரு 152-க்கும் வயது நாற்பது அல்லது அதற்கு மேல்.

நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் மனு போட்டோம். பயிற்சிக் கழகத்தின் பராமரிப்புப் பதிவேடுகளை வரவழைக்கக் கேட்டேன். சில வந்தன, சில வரவில்லை. வந்தவற்றிலும் அன்று காலை தொட்டி அடியில் குப்பி பிடித்துப் பார்த்ததற்குக் கையெழுத்து இருந்தது. பார்த்துவிட்டுப் போட்ட கையெழுத்தா என்பதைக் காகிதம் சொல்லாது.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதுதான், 2004 ஏப்ரல் 17 அன்று, பெங்களூர் ஜக்கூரில் நடிகை சௌந்தர்யா சென்ற செஸ்னா 180 கிளம்பிய சிறிது நேரத்திலேயே விழுந்து, அதில் இருந்த நால்வரும் இறந்தார்கள். தேர்தல் பிரசாரத்துக்காகக் கரீம்நகருக்குப் புறப்பட்ட விமானம் அது. மறுநாள் பத்திரிகையோடு அந்த அம்மாவின் தம்பி என் அலுவலகத்துக்கு வந்தார். “இதுலயும் ஓட்டினவனத்தான் சொல்லுவாவளா சாரே?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

காப்பீட்டு நிறுவனத்தின் தரப்பில் வாதாடியவர் நான் மதிக்கிற மூத்த வழக்கறிஞர். பாலிசி நிபந்தனையை வரிவரியாக வாசித்தார். விமானத்தில் பயணியாகச் செல்பவருக்கு மட்டுமே இழப்பீடு, ஓட்டுகிறவருக்கோ ஓட்டப் பழகுகிறவருக்கோ கிடையாது. விபத்துக் காப்பீட்டில் அது வழக்கமாக உள்ள விலக்குதான். அப்படி ஒரு விலக்கே இல்லை என்று நான் சொல்லவில்லை.

என் வாதம் மூன்று. கட்சிக்காரர் கையில் கொடுத்தது ஒரு பக்க அட்டவணை மட்டும். நிபந்தனைப் புத்தகம் வழக்கு வந்த பிறகு மன்றத்தில்தான் முதல்முதலாக வெளிப்பட்டது. ஒப்பந்தம் செய்தபோது தெரிவிக்காத விலக்கைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் தப்பிக்க முடியாது என்று மாடர்ன் இன்சுலேட்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-இல் சொல்லியிருந்தது. அடுத்து, முன்மொழிவுப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் ஏஜென்ட் தன் கைப்பட எழுதியிருந்தது “மாணவர், விமானி பயிற்சி” என்று. விமானம் ஓட்டப் போகிறவன் என்று தெரிந்தே பிரீமியம் வாங்கியிருக்கிறார்கள். மூன்றாவது, விபத்துக் காப்பீடு என்பதே தவறு நேரக்கூடியவர்களுக்காக உள்ளது. பையன் கை பிசகியிருந்தால்கூட அது விபத்துதான், வேண்டுமென்றே செய்த காரியமல்ல.

கூடவே அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டினேன். அந்த மூன்று நாட் கணக்கையும் சொன்னேன். அந்த ஐந்து நிமிடங்கள் வழக்குக்குத் தேவைப்பட்டதா என்று கேட்டால், சட்டப்படி தேவையில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவருக்காக வாசித்தேன்.

மனு அனுமதிக்கப்பட்டது. முழுத் தொகை, வட்டி, செலவுத்தொகை. விலக்கு நிபந்தனை மனுதாரருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை. விபத்து யாருடைய தவறால் நேர்ந்தது என்பது இந்த மன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்வி அல்ல என்றும் எழுதியிருந்தார்கள். மேல்முறையீடு இல்லாமல் பணம் வந்தது.

நகல் வாங்கிய அன்று அந்த அம்மா கேட்டது பணத்தைப் பற்றி அல்ல.

“எம்பிள்ள தெத்து செய்யல்லண்ணு இதுல எழுதியிருக்கா, சாரே?”

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் தீர்ப்பை இன்னொருவர் வாசித்துக் காட்டும் நாள் வரும். “இல்லை அம்மா, அப்படி எழுதவில்லை” என்றேன். பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உலக நாடுகள் கூடிச் செய்துகொண்ட சிக்காகோ உடன்படிக்கையின் பதின்மூன்றாம் இணைப்பு, விமான விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதுதான், யார்மேலும் குற்றம் சுமத்துவதல்ல என்கிறது. அந்த அறிக்கையும் குற்றப்பத்திரிகை அல்ல. அதை அப்படிப் பயன்படுத்தியது காப்பீட்டுக் கம்பெனி.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் கேட்டார். “அப்போ அவன்மேல தெத்துண்ணு எந்தக் கோர்ட்டும் சொல்லல்ல. அப்படித்தானே?”

“சொல்லவில்லை அம்மா.”

“அது போதும்.”

அந்த வழக்குக்குப் பிறகும் நான் இந்த விமானத்தைப் பற்றிப் படிப்பதை விடவில்லை. கனடாவில் 1998-இல் ஒரு 152 பயிற்சியின்போது சுழன்று, மீளாமலே ஏரியில் விழுந்தது. கைபழகாதவர் சுழலிலிருந்து மீட்கத் தெரியாமல் விழுந்தார் என்று அந்த வழக்கையும் மூடியிருக்கலாம். விசாரித்தவர்கள் மூடவில்லை. வாலில் உள்ள திசைத்திருப்பித் தகடு, அதை நிறுத்த வேண்டிய தடையைத் தாண்டிப்போய்ச் சிக்கிக்கொண்டதைக் கண்டுபிடித்தார்கள். 2009-இல் அந்தத் தடையை மாற்றச் சொல்லி அமெரிக்காவிலும் உத்தரவு வந்தது. கடைசி வரியோடு நிறுத்தாமல் தேடியதால் எத்தனை பிள்ளைகள் தப்பியிருப்பார்கள் என்று யாரும் எண்ணிச் சொல்ல முடியாது.

நம் நாட்டிலும் 2012-இல் விமான விபத்து விசாரணைக்கென்று தனி அமைப்பு வந்தது. குற்றம் சுமத்துவது நோக்கமல்ல என்பது 2017-ஆம் ஆண்டு விதிகளிலேயே எழுதப்பட்டது. ஆனாலும் விபத்துகள் நிற்கவில்லை. 2024 ஆகஸ்ட் 20 அன்று ஜாம்ஷெட்பூரில் கிளம்பிய ஒரு செஸ்னா 152 சாண்டில் அணைக்குள் விழுந்து, பயிற்சி மாணவரும் பயிற்றுநரும் இறந்தார்கள். 2025 நவம்பர் 13 அன்று சேலத்துப் பயிற்சி விமானம் ஒன்று புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே நெடுஞ்சாலையிலேயே இறங்கியது. அதில் இருந்த இருவரும் உயிரோடு எழுந்து நடந்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்தபோது எனக்குக் குலசேகரத்து அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. கண்ணில் பட்ட இடத்தில் இறக்கிவிட்டார்கள், அதுவே போதும்.

குமரி மாவட்டத்திலிருந்து இன்றைக்கும் விளையை விற்று, நகையை அடகு வைத்துப் பிள்ளைகளை விமானம் ஓட்டப் படிக்க அனுப்புகிறோம். அனுப்புங்கள். அனுப்பும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். பாலிசியின் நிபந்தனைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, விமானம் ஓட்டுகிறவருக்கும் பொருந்தும் என்று எழுத்தில் பெறுங்கள். பயிற்சிக் கழகத்தில் போய் நின்று, விமானத்தின் வயது என்ன, மழை இரவில் அது எங்கே நிற்கிறது, காலையில் குப்பி பிடித்துப் பார்ப்பது யார் என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

இளம் வழக்கறிஞர்களுக்கும் ஒன்று சொல்வேன். விமானியின் தவறு என்று முடிகிற அறிக்கை உங்கள் கைக்கு வந்தால், அதை முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். பதில் சொல்ல வேண்டியவன் உயிரோடு இல்லை. அவனுக்காகப் பேச அந்தக் கூடத்தில் உங்களைத் தவிர வேறு ஆள் கிடையாது.